தாதிமை இல்லத்தில் அம்மா, அப்பா: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாதிமை இல்லங்களுக்குச் சென்று தமிழ் பேசும் முதியவர்களோடு உட்கார்ந்து பேசிவரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. என் மாமியாரும் தம் கடைசி ஆண்டுகளை அப்படி ஓர் இல்லத்தில்தான் கழித்தார். மானியம், படிவம் போன்றவற்றை அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உள்ளே ஒரு நாள் எப்படிப் போகிறது, நம் ஆட்களுக்கு அங்கே எது குறைகிறது என்பதைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் இங்கே அதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

முதியோர் இல்லமும் தாதிமை இல்லமும் ஒன்றுதானா?

பேச்சில் இரண்டையும் கலந்து சொல்லிவிடுகிறோம். எழுந்து நடமாட முடிந்தும் தங்க இடமோ துணையோ இல்லாதவர்களுக்கான இல்லங்கள் வேறு. தாதிமை இல்லத்தில் இரவும் பகலும் தாதியர் இருப்பார்கள். படுக்கையிலேயே இருப்பவர்கள், சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாதவர்கள், மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவர்கள், முதுமை மறதி நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கான இடம் அது. சுகாதார அமைச்சின் உரிமம் இல்லாமல் அதை நடத்த முடியாது. 2020இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 16,000 படுக்கைகள் இருந்தன. 2030க்குள் அதை 31,000க்கு மேல் உயர்த்துவது அரசாங்கத்தின் திட்டம்.

யாருக்கு இடம் கிடைக்கும்? யாரைப் பார்க்க வேண்டும்?

மருத்துவமனையில் இருப்பவர் என்றால் அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர் என்றால் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். முதியவரின் நடமாட்டம், சாப்பாடு, கழிவறைப் பயன்பாடு, மனநிலை எல்லாவற்றையும் மதிப்பிட்டு நான்கு வகைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். மானியம் உள்ள இல்லங்களில் பொதுவாக மூன்றாம், நான்காம் வகையினருக்கே இடம், அதாவது அன்றாடத் தேவைகளுக்குப் பெரும்பாலும் அல்லது முழுவதும் பிறரை நம்பியிருப்பவர்களுக்கு. வீட்டில் வைத்துப் பார்க்க வேறு வழியே இல்லையா என்றும் கேட்பார்கள். பணிப்பெண், பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கு வரும் தாதி என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில குடும்பங்களுக்கு அந்த விசாரணையில்தான் வேறு வழி தென்பட்டிருக்கிறது.

எந்த இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது?

பக்கத்தில் இருப்பதை. கட்டடம் புதிதா, தோட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், ஒரு பஸ் மாற்றாமல் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய இல்லம், தீவின் மறுமுனையில் உள்ள அழகான இல்லத்தைவிட மேல். தூரம் அதிகமானால் நாளடைவில் வருகை குறைந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1948இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் ஓர் இல்லம் நடத்துகிறது. அதை நிறுவியவர்கள் மலையாளிச் சமூகத்தினர். எல்லா இனத்தவரும் அங்கே இருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் ஜாமியா என்ற முஸ்லிம் அமைப்பின் தாதிமை இல்லத்தைப் பற்றி விசாரிப்பார்கள். பாசிர் ரிஸில் உள்ள ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் முதுமை மறதி நோயாளிகளுக்கென்றே கட்டப்பட்டது. சிராங்கூன் சாலையில் 1910இல் ஏழைச் சீனத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட குவோங் வாய் ஷியு மருத்துவமனை இன்று எல்லா இனத்தவருக்குமான பெரிய தாதிமை இல்லம். விருப்பத்தைச் சொல்லலாம். ஆனால் இடம் எங்கே காலியாகிறது என்பது நம் கையில் இல்லை.

பெற்றோரை அங்கே விடுவது கைவிடுவதுதானே? உறவினர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பேசுகிறவர்களில் எத்தனை பேர் எண்பது கிலோ எடையுள்ள, பக்கவாதம் வந்த ஓர் ஆளை நள்ளிரவில் புரட்டிப்போட்டிருக்கிறார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். மூவறை வீட்டில், வேலைக்குப் போகும் மகளும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் அதை வருடக்கணக்கில் செய்ய முடியாது. செய்ய முயன்று மகளும் நோயில் விழுந்த வீடுகள் உண்டு.

கைவிடுவது என்பது சேர்த்த பிறகு நடப்பது. முதல் மாதம் தினமும் வருவார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு தீபாவளிக்கு, பிறகு கட்டணம் மட்டும் வங்கியிலிருந்து தானாகப் போகும். உறவினர்கள் அதைப் பற்றிப் பேசட்டும், நியாயம் இருக்கிறது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

இல்லத்துக்கு இல்லம் மாறும், ஆனாலும் பெரும்பாலும் நாள் மிகச் சீக்கிரம் தொடங்கி மிகச் சீக்கிரம் முடிந்துவிடும். பொழுது விடியும் முன்பே விளக்குகளைப் போட்டுக் குளிப்பாட்டத் தொடங்கிவிடுவார்கள். எட்டு மணி வாக்கில் காலை உணவு: ரொட்டி, ஓட்ஸ், கஞ்சி, மைலோ. பிறகு மருந்து, புண்ணுக்குக் கட்டு. ஒன்பதரை, பத்து மணிக்குச் சக்கர நாற்காலிகளைப் பொதுக்கூடத்தில் வட்டமாக நிறுத்தி உடற்பயிற்சி, பந்து எறிதல், பாட்டு, வண்ணம் தீட்டுதல். உடலியக்கச் சிகிச்சை தேவைப்படுபவர்களை முறைவைத்து அழைத்துப் போவார்கள். பதினொன்றரைக்கெல்லாம் மதியச் சாப்பாடு. அதன் பிறகு ஓய்வு. மூன்று மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும். ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு! ஏழு, எட்டு மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

அந்த ஐந்து மணிச் சாப்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். நம் வீடுகளில் ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுப் பழகியவர்கள் இவர்கள். ஐந்து மணிக்குப் பசிக்காது, தட்டைத் தள்ளிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வயிறு கேட்கும், அப்போது கேட்கத் தெரியாது அல்லது கூச்சப்படுவார்கள். சேர்க்கும் நாளிலேயே தாதியிடம், “இவர் இரவில் தாமதமாகச் சாப்பிட்டுப் பழகியவர், படுக்கும் முன் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க முடியுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நீரிழிவு நோயாளி, அதுவும் இன்சுலின் போடுபவர் என்றால் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

நாளில் மிகக் கடினமான நேரம் எது என்று கேட்டால் பிற்பகல் என்பேன். ஒன்றிலிருந்து நான்கு வரை எதுவும் நடக்காது. பொதுக்கூடத் தொலைக்காட்சியில் சீன நாடகம் ஓடும், மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நம் பாட்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருகைக்கு நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் ஒரு சிறிய வானொலியும் காதுக்கு வலிக்காத ஹெட்ஃபோனும் வாங்கிக் கொடுத்து, ஒலி 96.8 என்ற தமிழ் அலைவரிசையில் நிறுத்தி, பொத்தானில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். எந்த ஊழியராலும் அதைப் போட்டுவிட முடியும். படிக்க முடிந்தவருக்குத் தமிழ் முரசு. பழைய நாளிதழாக இருந்தாலும் கையில் பிடித்திருப்பதே அவர்களுக்கு ஒரு தெம்பு.

தனி அறை கிடைக்குமா?

மானியம் பெறுபவர்களுக்குப் பொதுவாக இல்லை. நான்கு, ஆறு, எட்டு பேர் சேர்ந்திருக்கும் அறை, மின்விசிறி, கட்டிலைச் சுற்றித் திரை, பக்கத்தில் ஒரு சிறிய அலமாரி. புதிதாகக் கட்டப்படும் இல்லங்களில் சிறு சிறு குழுக்களாக, வீடு போன்ற அமைப்பு வந்துகொண்டிருக்கிறது. தனி அறை வேண்டுமென்றால் தனியார் இல்லத்தில் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

தனி அறைதான் நல்லது என்று நான் நினைக்கவில்லை. நால்வர் இருக்கும் அறையில் ஒருவர் கீழே விழுந்தால் இன்னொருவர் சத்தம் போடுவார். மணியை அழுத்தத் தெரியாத நோயாளிக்கு அது பெரிய பாதுகாப்பு.

சாப்பாடு நம் வாய்க்கு ஏற்றதாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது, அதை மறைக்க வேண்டாம். கஞ்சி, வேகவைத்த காய், சோயா வாசம் வரும் குழம்பு, மீன் துண்டு. “சைவம்” என்று எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் டோஃபுவும் போலி இறைச்சியும் வரும். சாம்பாரும் ரசமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் சேர்க்கைப் படிவத்திலும் எழுதி, தாதியிடமும் சொல்லி, கட்டிலருகே ஒட்டுங்கள். ஹலால் உணவு வேண்டுபவர்கள் சமையலறை சான்றிதழ் பெற்றதா, உணவு வெளியிலிருந்து வருகிறதா என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களில் மெலிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. “வயசாகிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை” என்று நாமும் விட்டுவிடுகிறோம். மாத எடையைக் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். இல்லங்களில் மாதந்தோறும் எடை பார்ப்பது வழக்கம். குறைந்துகொண்டே போனால் உணவியல் நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள். பல நேரங்களில் மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. கஞ்சியின் மேல் ஒரு கரண்டி ரசமோ ஊறுகாய்ச் சாறோ விட்டால் தட்டு காலியாகிறது. நாக்குக்கு உப்பும் புளியும் உறைப்பும் பழகிப்போய் எழுபது வருடமாகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா?

பெரும்பாலான இல்லங்கள் அனுமதிக்கும். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாதமோ மறதி நோயோ வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்துவிடும். பேச்சு சிகிச்சையாளர் சோதித்து, உணவு எவ்வளவு மசிய வேண்டும், தண்ணீரில் எவ்வளவு கெட்டியாக்கும் பொடி கலக்க வேண்டும் என்று அளவு குறித்திருப்பார். அந்தக் குறிப்பு கட்டிலின் மேலேயே தொங்கும். அதைப் படிக்காமல் பாசத்தோடு ஊட்டும் ஒரு வாய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும், மூச்சே அடைக்கவும் கூடும்.

இட்லி மென்மையானதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாயில் எச்சில் பட்டதும் இட்லி பசைபோல் திரண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆப்பமும் இடியாப்பமும் அப்படித்தான். வடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாறாக ரசம், பருப்புத் தண்ணீர், மோர் இவற்றில் அதே பொடியைக் கலந்து சொன்ன அளவுக்குக் கெட்டியாக்கலாம். சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்து வடிகட்டலாம். முந்திரி, ஜவ்வரிசி எதுவும் போடாத பாயசத்தையும் அப்படியே செய்யலாம். முதல்முறை செய்ததைச் சிகிச்சையாளரிடம் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகு கொடுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிய கரண்டியால், விழுங்கிவிட்டதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஆசையாகப் பார்த்தாலும் கேட்காமல் ஊட்டாதீர்கள்.

தமிழ் பேசுபவர்கள் இருப்பார்களா?

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி. நாட்டில் இந்தியர்களே ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு. அதனால் ஒரு தளத்தில் தமிழ் பேசும் முதியவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம், ஒருவருமே இல்லாமலும் போகலாம். ஊழியர்களில் பலர் மியன்மார், பிலிப்பீன்ஸ் நாட்டவர்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் சிலர் இருப்பார்கள், ஆனால் பணிநேரம் மாறிக்கொண்டே இருக்கும். பழைய தலைமுறையினர் பேச்சு மலாய் அறிந்தவர்கள், அதை வைத்து ஓரளவு சமாளிப்பார்கள். மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழி மிஞ்சும். அதாவது உதவி அதிகமாகத் தேவைப்படும் காலத்தில், சுற்றியிருக்கும் யாருக்கும் புரியாத மொழியில்தான் அவர்களால் கேட்க முடியும். வலிக்கிறது என்பதும் சிறுநீர் வருகிறது என்பதும் மற்றவர்களுக்கு வெறும் கூச்சலாக மட்டுமே கேட்கும். நோய்க்குறிப்பில் “கிளர்ச்சியுடன் இருக்கிறார்” என்று ஒரு வரி ஏறிவிடும்.

இல்லத்தைக் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. குடும்பம் ஒரு வேலை செய்தாக வேண்டும்: உங்கள் அம்மாவை, அப்பாவை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நோய்களின் பட்டியல் மருத்துவக் குறிப்பில் இருக்கும், அது வேண்டாம். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? “ஆன்ட்டி” என்றால் தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே சிலருக்குத் தெரியாது, “பாட்டி” என்றால் உடனே முகம் மலரும். என்ன வேலை பார்த்தார்? ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினாரா, செம்பவாங் கடற்படைத் தளத்தில் இருந்தாரா, துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்? காப்பியில் சர்க்கரை எவ்வளவு? எதற்குப் பயப்படுவார்? வலி வந்தால் வாயால் சொல்வாரா, முகத்தைச் சுளிப்பாரா, பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்வாரா? இதை ஆங்கிலத்தில் எழுதி, அடியில் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தாருங்கள்: தண்ணீர், வலி, பசி, போதும், கழிவறை, குளிர், மெதுவாக, வாங்க, சாப்பிடுங்க. பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிட்டால் புதிய ஊழியரும் முதல் நாளே “பாட்டி, வலி?” என்று கேட்பார். பெரும்பாலான ஊழியர்களுக்கு மனம் இருக்கிறது, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

குளிப்பாட்டும்போது அம்மா அடிக்கிறார் என்று புகார் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவர் எப்படிக் குளித்துப் பழகியவர் என்று யோசியுங்கள். நான் பார்த்துவந்த ஒரு பாட்டி தினமும் காலையில் ஊழியர்களைக் கீறிவிடுவார். மயக்க மருந்து கொடுக்கலாமா என்ற அளவுக்குப் பேச்சு போனது. ஊரிலிருந்த மகள் வந்தபோது ஒன்றைச் சொன்னார்: அம்மா வாழ்நாள் முழுவதும் பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளித்தவர், பெற்ற பிள்ளைகள்கூட அவரை வேறு விதமாகப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து ஒரு பெரிய துண்டைத் தோளிலிருந்து முழங்கால் வரை போர்த்தி, அதன் மேலேயே வெந்நீரை ஊற்றி, துண்டுக்குள் கைவிட்டுச் சோப்பு போட்டார்கள். பெண் ஊழியர் மட்டும். தண்ணீரைத் தலையில் தொடங்காமல் காலில் தொடங்கினார்கள். பாட்டி துண்டின் இரு முனைகளையும் கழுத்தருகே இறுக்கிப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். கீறல் அன்றோடு நின்றது.

பெண் ஊழியர்தான் வேண்டும் என்று கேட்பது உங்கள் அம்மாவின் மானம் சம்பந்தப்பட்டது. தயங்காமல் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையால் எல்லா வேளையும் முடியாமல் போகலாம், குளியலுக்காவது ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

தாலி, நகை, உடைகள்?

நகை எதையும் விட்டுவைக்காதீர்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராத அம்மாக்களுக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிவிடுவது வழக்கம். அது என்ன என்பதை ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அழுக்குக் கயிறு என்று நினைத்து எக்ஸ்-ரேக்கு முன் வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஈரத்தில் கழுத்துத் தோல் புண்ணாகாமல் இருக்க, கயிற்றை அவ்வப்போது மாற்றவும் வேண்டும்.

எல்லார் துணியும் ஒன்றாகத்தான் துவைக்கப் போகும். நைட்டி, கைலி, உள்ளாடை எல்லாவற்றிலும் பெயர் தைத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கருவி மூன்றிலும் பெயர் இருக்கட்டும். சாமி படமும் திருநீறும் வைக்கலாம். விளக்கு மட்டும் பேட்டரி விளக்காக இருக்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

மானியத்துக்கு முன் மாதம் 2,000 வெள்ளிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியார் இல்லங்களில் இன்னும் கூடுதல். ஒரே முகவரியில் வசிக்கும் குடும்பத்தினரின் வருமானத்தைத் தலைக்கு வகுத்து மானிய அளவை முடிவு செய்வார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த சிங்கப்பூரர்களுக்கு முக்கால் பங்குவரை மானியம் இருந்துவந்திருக்கிறது. நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் இன்றைய கணக்கை ஏஐசியிடம் கேளுங்கள். கட்டணத்துக்கு வெளியே அணையாடை, பால்மாவு, மருந்து, மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டி, கூட வரும் ஆள் என்று தனித்தனியாகச் சேரும். கையெழுத்திடும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

குளித்தல், உடுத்துதல், சாப்பிடுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்குக் கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியில் இருந்தால் மாதத் தொகை வரும். 2020இல் 600 வெள்ளியில் தொடங்கியது, 2025இல் கோரத் தொடங்கியவர்களுக்கு 662 வெள்ளி, வாழ்நாள் முழுவதும். இப்போது இல்லங்களில் இருக்கும் பலர் அந்தத் திட்டத்துக்கு முந்தைய தலைமுறையினர். அவர்களிடம் 2002இல் வந்த எல்டர்ஷீல்டு என்ற பழைய காப்புறுதி இருக்கலாம்: மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டுகளுக்கு அல்லது 400 வெள்ளி ஆறு ஆண்டுகளுக்கு. இருப்பதே தெரியாமல் கோராமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு அல்லது அதற்கு முன் பிறந்த முன்னோடித் தலைமுறையினர் அதே நிலையில் இருந்தால் மாதம் 100 வெள்ளி தனியாக உண்டு. மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 200 வெள்ளிவரை எடுக்கலாம். எதுவுமே இல்லாதவர்களுக்கு எல்டர்ஃபண்ட், கடைசியாக மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதிகள் உண்டு. வீட்டில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த பராமரிப்பு மானியம் இல்லத்தில் சேர்ந்ததும் நின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அண்ணன் தம்பிகள் பங்கு தர மறுத்தால்? பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பற்றிய சட்டம் 1995 முதல் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம், முதலில் சமரசப் பேச்சுக்கு அழைப்பார்கள். குடும்பத்தில் ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடிக்க முடிந்தால் அதுவே நல்லது.

கட்டிப்போடுவார்களா?

குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையுறை, நாற்காலியிலிருந்து சரியாமல் இருக்க இடுப்புப் பட்டை போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. வேறு வழியில்லாதபோது, காரணம் எழுதி, குடும்பத்திடம் சொல்லி, குறித்த காலத்தில் மறுபரிசீலனை செய்து மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் எதற்காக, எத்தனை மணி நேரம், எப்போது அவிழ்த்துவிடுவீர்கள் என்று கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். கட்டிலைத் தாழ்த்தி, தரையில் மெத்தை விரித்தால் போதுமா என்றும் கேளுங்கள். சில நேரம் போதும். நீங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு மணி நேரமாவது கையுறையைக் கழற்றி, விரல்களை நீவிவிடுங்கள். மடங்கியே இருக்கும் விரல்கள் இறுகிப்போகும்.

போனால் என்ன பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?

நேரத்தைவிட முறை முக்கியம். மாதத்தில் ஒருமுறை நாள் முழுக்க உட்காருவதைவிட வாரத்தில் இரண்டு முறை அரைமணி நேரம் நல்லது. ஊழியர்களுக்கு உங்கள் முகம் தெரியும், உங்களுக்கு அவர்கள் பெயர் தெரியும்.

போர்வையை விலக்கி இரண்டு குதிகால்களையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காமல் சிவந்தே இருந்தால் புண் தொடங்குகிறது என்று பொருள். நம் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மற்ற தோலைவிடக் கருத்தோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். தாதியரிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், நேற்றுச் சோறு கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். நகம், காதுக்குப் பின்புறம், மடிப்புகள். பிறகு தேங்காய் எண்ணெயைக் கையிலும் காலிலும் தடவிவிட்டு, பேச்சு எதுவும் வராவிட்டாலும் வீட்டுச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருங்கள்: யாருக்குக் கல்யாணம், யார் தேர்வு எழுதியிருக்கிறார்கள், தேக்காவில் முருங்கைக்காய் என்ன விலை. 2020 ஏப்ரலில் கொவிட் பரவியபோது பார்வையாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். காணொளி அழைப்புக்கு முன்பே பழகியிருந்த முதியவர்கள் அந்தக் காலத்தைக் கொஞ்சம் எளிதாகக் கடந்தார்கள், ஆகையால் அதையும் பழக்கிவையுங்கள்.

தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துவரலாமா?

உடல்நிலை இடம்கொடுத்தால் முடியும். சில நாள் முன்பே சொல்லி, மருந்துகளையும் அவற்றைக் கொடுக்கும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி ஏறும் வண்டியைப் பண்டிகை நெருங்கும்போது தேடினால் கிடைக்காது. கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் வேண்டாம், காலையில் வந்து மதியம் திரும்புவது சிலருக்குப் போதும். திரும்பிப் போகும்போது அழுவார்கள். அதற்குப் பயந்து அழைத்துவராமல் இருப்பது சரியில்லை.

குறை இருந்தால் சொல்லலாமா? சொன்னால் கோபத்தை அம்மாவிடம் காட்டிவிடுவார்களோ?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. என் அனுபவத்தில், அடிக்கடி வந்து, நன்றியும் சொல்லி, குறையும் சொல்கிறவர்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு இருக்கிறது. துணி காணவில்லை, சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்பதையெல்லாம் தளத் தாதியிடம் நிதானமாகச் சொல்லுங்கள். காரணம் தெரியாத காயம், கன்றிப்போன இடம், திடீர்ப் பயம் என்றால் நிதானம் வேண்டாம்: அன்றே படம் எடுத்து, தேதி குறித்து, தாதியர் தலைவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் ஏஐசிக்கும் சுகாதார அமைச்சுக்கும் எழுதுங்கள். 2011இல் ஒரு தனியார் இல்லத்தில் மூதாட்டி ஒருவர் அறையப்படுவது குடும்பத்தார் வைத்த கேமராவில் பதிவாகித் தொலைக்காட்சியில் வந்தது. அந்த இல்லம் புதியவர்களைச் சேர்க்க அமைச்சு தடை விதித்தது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களைப் பாதுகாக்க 2018இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

முடிவெடுக்கும் நிலையில் அப்பா இல்லாமல் போனால்? அங்கேயே உயிர் பிரிந்தால்?

அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தமக்காக முடிவெடுக்க ஒருவரை அவர் நியமிக்கும், எல்பிஏ என்று எல்லோரும் சொல்லும் அதிகாரப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். நினைவு போன பிறகு அதைச் செய்ய முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வங்கிக் கணக்கு முடங்கி, கட்டணம் கட்ட முடியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்பது வேறு. மூச்சுக் கருவி வேண்டுமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, இல்லத்திலேயே இருக்க விருப்பமா என்று அப்பாவிடமே கேட்டு எழுதிவைப்பது. நம் வீடுகளில் அபசகுனம் என்று பேச்சையே அடக்கிவிடுவார்கள். பேசாமல் விட்டால், நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஏற்றி அவசரப் பிரிவில் முகம் தெரியாதவர்கள் நடுவே உயிர் போகும். அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

இல்லத்தில் இறந்தால் மருத்துவர் உறுதிப்படுத்துவார். 2022 மே 29 முதல் இறப்புப் பதிவு தானாகவே நடக்கிறது, சான்றிதழை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மண்டாய் தகனச்சாலைக்கோ சுவா சூ காங் இடுகாட்டுக்கோ கொண்டுசெல்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும், யார் குளிப்பாட்டுவது, கயிற்றையும் திருநீற்றையும் தொடக்கூடாதா, முதலில் யாரை அழைப்பது என்பதை முன்பே எழுதி இல்லத்தின் கோப்பில் வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் யாரும் இல்லத்தில் இல்லை. தமிழ் பேசுபவர்களைப் பார்க்க நான் போகலாமா?

கட்டாயம் போகலாம், ஆள் வேண்டும். உங்கள் வட்டாரத்து இல்லத்தை அழைத்து, தொண்டூழியர்களுக்குப் பொறுப்பானவரிடம், “தமிழ் பேசத் தெரியும், வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் வர முடியும்” என்று சொல்லுங்கள். குழுவாகப் பண்டிகைக்கு மட்டும் போய்ப் படமெடுத்துத் திரும்புவதைவிட, தனியாக ஒரே ஆளை வாராவாரம் பார்ப்பது எவ்வளவோ மேல். பார்வையாளரே வராதவர் யார் என்று கேட்டு, அவரோடு தொடங்குங்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன நாளில் வர முடியாவிட்டால் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். காலையிலேயே தலைவாரி உட்கார்ந்திருப்பார்கள்.